ஜீ.எஸ் அண்ணைக்கு எந்த லீவு, யாருடைய கடிதம்?

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் முதலில் ஒரு ஜீ.எஸ் கடிதம், அதாவது கிராம அலுவலரின் கடிதம் வேண்டும். கரண்ட் எடுக்க, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வங்கியில் கணக்குத் திறக்க, மாடு களவு போனதைப் பொலிசில் சொல்ல, எல்லாவற்றுக்கும். புதுக்குடியிருப்புப் பக்கம் வேலை செய்யும் கிராம அலுவலர் ஒருவர் 29 வருடமாக இந்தக் கடிதங்களை எழுதிக்கொண்டிருக்கிறார். ஒரு திங்கட்கிழமை அவர் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார். வலது காலை மடக்காமல் நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

"தங்கச்சி, ஊருக்கெல்லாம் கடிதம் குடுக்கிறன். எனக்கு ஒண்டு வேணும், யாரிட்டப் போறது?"

பிரதேச செயலகத்தில் நிர்வாகக் கிளை என்னுடையது. லீவுக் கோவைகள் என் அலுமாரியில். அண்ணைக்கு வந்த கேள்வி அவருக்கு மட்டும் வரவில்லை. 2009 யுத்தத்தில் கடமையில் நின்று காயப்பட்ட ஆசிரியர்கள், தபால்காரர், சாரதிகள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்று வன்னியில் எத்தனையோ பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். அந்தக் காயம் பதினைந்து, பதினாறு வருடம் கழித்துத் திரும்பக் கதவைத் தட்டுகிறது. அப்போது எந்த லீவைக் கேட்பது, யாருடைய கடிதத்தை வைப்பது என்று அண்ணையோடு இருந்து நான் நிறுத்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய காயம். 2009 மாசிக் கடைசி, சனம் ஒதுங்கியிருந்த மாத்தளன் கரை. கப்பலில் வந்த அரிசியைக் குடும்ப அட்டை பார்த்துப் பங்கிடும் வேலை. கந்தோர் என்று அங்கே இருந்தது நாலு தடியும் ஒரு தறப்பாளும். வரிசைக்குப் பக்கத்தில் செல் (எறிகணை) விழுந்தது. அண்ணையின் வலது முழங்காலுக்கு மேலே மூன்று பீஸ், செல் சிதறிய துண்டுகள். புதுமாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவிக் கட்டினார்கள். பிறகு ஐ.சி.ஆர்.சி (செஞ்சிலுவைச் சங்க) கப்பலில் திருகோணமலை. அங்கே ஒரு மாதம் வாட்டில். அப்புறம் செட்டிகுளம் முகாம். 2010 இல் மறுபடியும் வேலை. பீஸை எடுக்கவில்லை. எடுக்காததில் பிழையும் இல்லை. சும்மா கிடக்கிற பீஸை டொக்டர்மார் கிண்டமாட்டார்கள். சீழ் வைத்தால், நரம்பை அழுத்தினால், மூட்டுக்குள் போய்விட்டால்தான் கை வைப்பார்கள். அண்ணைக்குப் போன மாரியில் சீழ் வைத்துவிட்டது.

எக்ஸ்ரேயைக் கொண்டுவந்திருந்தார். என் மேசைக்குப் பின்னால் உள்ள யன்னலில் பிடித்துப் பார்த்தோம். தொடை எலும்பின் கீழ் முனையில் இரண்டு வெள்ளைப் புள்ளி, உளுந்து அளவு. மூன்றாவது கொஞ்சம் பெரிது, நெத்தலித் தலை மாதிரி ஒரு பக்கம் கூர். அந்தக் கூர் மூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. "இவர்தான் ஆள்" என்றார் அண்ணை, விரலை வைத்து. இத்தனை வருடம் ஒன்றாய் இருந்ததால் மரியாதை வந்துவிட்டது போல.

ஒப்பரேசன், பிறகு கால் ஊன்றப் பழகுவது, பயிற்சி எல்லாம் சேர்த்து மூன்று மாதம் என்று சொல்லியிருந்தார்கள். சனி ஞாயிறு கழித்தால் கிட்டத்தட்ட 65 வேலைநாள். ஜீ.எஸ் வேலை மோட்டார்சைக்கிளில் நடக்கிற வேலை. கிக்கர் அடிப்பது வலது கால். அதனால் "ஒரு மாதத்தில் சமாளிக்கலாம்" என்ற பேச்சை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டோம்.

இனி லீவு. எங்கள் ஆட்கள் எல்லோரும் முதலில் நினைப்பது மெடிக்கல் லீவை. அரச உத்தியோகத்தருக்கு வருடத்துக்குக் கசுவல் 21 நாள், வெக்கேசன் 24 நாள், மொத்தம் 45. வருத்தம் என்று மெடிக்கல் வைத்துப் போட்டாலும் நீண்ட நாளைக்குக் குறைவது இந்த 24 இல்தான். முந்தின இரண்டு வருடத்தில் எடுக்காமல் மிஞ்சிய வெக்கேசனையும் வருத்தத்துக்கு எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு நாளும் எடுக்காதவருக்கு அப்படி 72 நாள் வரை இருக்கும். அண்ணையின் பதிவை எடுத்துக் கூட்டினேன். மகளின் கலியாணம், அம்மாவின் செத்தவீடு எல்லாம் போக 51. அதாவது 14 நாள் துண்டு விழுகிறது.

இந்த வழியின் நல்ல பக்கம், யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை. டொக்டரின் சான்றிதழ், லீவுப் போம், பதில் கடமை பார்க்கிற ஆளின் கையெழுத்து, டீ.எஸ்ஸின் (பிரதேச செயலாளரின்) ஒப்பம். ஒரு நாளில் முடியும். கெட்ட பக்கம், கோவையில் அது வெறும் வருத்தமாகப் பதிகிறது. காய்ச்சல்காரனுக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரியாது. அண்ணைக்கு அதுதான் குத்தியது. "நான் வேலியேறி விழுந்து காலை முறிச்ச மாதிரியெல்லோ இருக்கு" என்றார்.

இரண்டாவது வழி, கடமையில் ஏற்பட்ட காயத்துக்கான விபத்து லீவு. அரச உத்தியோகத்தருக்கான தாபன விதிக்கோவையில் இதற்கு இடம் இருக்கிறது. கிடைத்தால் முழுச் சம்பளம், சொந்த லீவில் கை வைக்கத் தேவையில்லை. நியாயப்படி பார்த்தால் அண்ணைக்குச் சேர வேண்டியது இதுதான். ஆனால் இரண்டு முடிச்சை அவிழ்க்க வேண்டும். காயம் கடமையில் நிற்கும்போது பட்டது என்பது ஒன்று. இன்றைக்கு வந்த சீழ் அன்றைய காயத்தால் வந்தது என்பது மற்றது. வழமையான விபத்தென்றால் அன்றைக்கே மேலதிகாரிக்கு அறிக்கை போகும், அது பைலில் கிடக்கும். மாத்தளனில் யார் யாருக்கு அறிக்கை எழுதுவது? தறப்பாளுக்குக் கீழே இருந்த பதிவுப் புத்தகமே பிறகு யாரோ ஒருவரின் பங்கர் வாசலில் கிடந்ததாம்.

அறிக்கை இல்லாதபோது கோரிக்கை எங்களோடு நிற்காது. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய், அங்கிருந்து அமைச்சுக்குப் போய், ஒரு கேள்வியோடு திரும்பி வந்து, பதிலோடு மறுபடி போகும். எத்தனை மாதம் என்று என்னால் சொல்ல முடியாது. முழங்காலில் உள்ள சீழுக்கு அமைச்சின் பதில் வரும்வரை பொறுக்கத் தெரியாது. இந்த லீவு கிடைத்த பிறகுதான் ஒப்பரேசன் என்று காத்திருப்பது மடத்தனம். இதை அண்ணையிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

மூன்றாவது, அரைச் சம்பள லீவு, அதுவும் முடிந்தால் நோ பே, சம்பளமே இல்லாத லீவு. அண்ணையின் சம்பளச் சிட்டையில் வீட்டுக் கடன், இடர் கடன், நலன்புரிச் சங்கம் எல்லாம் வெட்டுப்பட்ட பிறகு கையில் வருவதைப் பார்த்தால், அரைச் சம்பளத்தில் மூன்று மாதம் என்பது கடைக் கொப்பியில் எழுதுகிற சீவியம். 14 நாளுக்கு மட்டும் என்றால் தாங்கலாம். முழுவதற்கும் வேண்டாம்.

நாலாவதை அவருடைய மைத்துனர் சொன்னார். மருத்துவச் சபைக்குப் போய், இயலாது என்று எடுத்து, பென்சனோடு வீட்டில் இருக்கட்டுமாம். அண்ணைக்கு 57. அறுபதில் எப்படியும் ஓய்வு. ஓய்வூதியம் சேவைக்காலத்தையும் கடைசிச் சம்பளத்தையும் பார்த்துத்தான் வரும். மூன்று வருடத்தையும் அதற்குள் வருகிற சம்பள ஏற்றத்தையும் விட்டுக்கொடுப்பதில் என்ன லாபம்? அதோடு, மூன்று மாதத்தில் நடக்கிற மனிசனை ஒரு சபை "இயலாதவர்" என்று எழுதுவதற்கு அவரே கையெழுத்து வைத்துக் கேட்பதா? எனக்குப் பிடிக்கவில்லை. நான் பிடிக்கவில்லை என்று சொன்னதற்கு மைத்துனர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

என் கணக்கில் முதலாவதும் இரண்டாவதும் ஒன்றை ஒன்று வெட்டவில்லை. சொந்த லீவில் ஒப்பரேசனைச் செய்வது, அதே கிழமையில் விபத்துக் காய விண்ணப்பத்தையும் கொடுத்துப் பதிவுத் தபால் இலக்கத்தோடு வைத்திருப்பது. பின்னுக்கு அனுமதி வந்தால் நல்லது. வராவிட்டாலும் கால் சுகம். லீவு முடிந்து வரும்போது ஒன்றிரண்டு மாதம் செயலகத்தில் மேசை வேலை தரும்படி டீ.எஸ்ஸிடம் கேட்கலாம். அது டீ.எஸ்ஸின் மனதைப் பொறுத்த விசயம். ஆனால் கேட்பதற்குக் காசு இல்லை.

ஆஸ்பத்திரியைப் பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. வவுனியா, யாழ்ப்பாணம், கொழும்பு மூன்றையும் யோசித்தோம். புதுக்குடியிருப்பில் இருந்து ஏ35 இல் பரந்தன் வந்து ஏ9 ஏறினால் யாழ். போதனா வைத்தியசாலை. மாமியார் வீடு கோண்டாவிலில், சாப்பாடு கொண்டுவர ஆள் உண்டு, மொழிக்கும் யாரையும் தேடத் தேவையில்லை. கொழும்பு பெரியாஸ்பத்திரி நல்லதுதான், ஆனால் ஒவ்வொரு கிளினிக்குக்கும் இரவு பஸ்ஸில் மடக்க முடியாத காலோடு யார் போவது? தனியாரில் செய்வதென்றால் சனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 இல் இருந்து அதைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. அண்ணைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியே போதும். அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதிக்கு மட்டும் வாட்டில் நின்ற நாட்களைப் பதிந்த துண்டை மறக்காமல் வாங்கச் சொன்னேன். இன்னொன்று, எங்கே போனாலும் "எம்.ஆர்.ஐ எடுங்கோ" என்று யாராவது துண்டு தந்தால், உடம்பில் பீஸ் இருக்கிறது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். காந்தம் இரும்பை இழுக்கும். மெசினுக்குள் போன பிறகு சொல்லிப் பிரயோசனம் இல்லை.

இனிக் கடிதம். அண்ணை உண்மையில் வந்தது இதற்குத்தான், நானும் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

முதலில் அவர் கொண்டுவந்தது ஒரு எம்.பியின் கடிதம். இரண்டே நாளில் கிடைத்ததாம். தலைப்பு பளபளவென்று, கீழே பெரிய முத்திரை. நடுவில் "இவர் எனக்கு நன்கு தெரிந்தவர், கடமையுணர்வு மிக்கவர், இவருடைய கோரிக்கையைச் சாதகமாகப் பரிசீலிக்கவும்." இதில் மாத்தளனும் இல்லை, மாசியும் இல்லை, காலும் இல்லை. இந்தக் கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி ஒரு மாற்றத்துக்கும் வைக்கலாம், மதுபானசாலை அனுமதிக்கும் வைக்கலாம். கச்சேரியில் இதை வாசிக்கிற பிள்ளை கோவையின் கடைசிப் பக்கத்தில் கோர்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடும். நானும் அதைத்தான் செய்வேன்.

இரண்டாவது, ஜே.பியிடம் (சமாதான நீதவானிடம்) முடிக்கிற சத்தியக்கடதாசி. இது வேண்டும். ஆனால் இது அண்ணை தன்னைப் பற்றித் தானே சொல்வது. நான் காயப்பட்டேன் என்று நான் சத்தியம் செய்தால் அதற்கு ஒரு பெறுமதி, வேறொருவர் பார்த்தேன் என்று சொன்னால் வேறு பெறுமதி. அதனால் வரிசையில் நின்ற இரண்டு பேரிடமும் சத்தியக்கடதாசி வாங்கச் சொன்னேன். ஒருவர் இப்போது முள்ளியவளையில், மற்றவர் விசுவமடுவில். இருவருமே அன்றைக்கு அரிசி வாங்காமல் ஓடியவர்கள்.

மூன்றாவது, ஃபாதர். கடைசிவரை சனத்தோடு நின்ற குருவானவர்களில் ஒருவர். அண்ணையைத் தடியில் கட்டிய சாக்கில் தூக்கியதில் ஒரு முனை அவருடையது. கண்ணால் கண்டவர், நாள் நேரம் மறக்காதவர். மனிசராகப் பார்த்தால் இதைவிடப் பெரிய கடிதம் இல்லை. ஆனால் அவர் அண்ணையின் மேலதிகாரி இல்லை. "காயப்பட்டார்" என்று எழுதலாம். "கடமையில் நின்றார்" என்று எழுத அவருக்கு உத்தியோகம் இடம் தராது.

நாலாவது, டொக்டர். இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். இன்றைய சத்திரசிகிச்சை நிபுணர் 2009 செல்லைக் காணவில்லை. காணாததை அவர் எழுதமாட்டார், எழுதச் சொல்லி வற்புறுத்துவதும் சரியில்லை. அவர் எழுதக்கூடியது, உள்ளே உலோகத் துண்டு இருக்கிறது, அது பழைய காயம், இன்றைய சீழ் அதைச் சுற்றித்தான் வந்திருக்கிறது என்பதை. இரண்டாவது முடிச்சை அவிழ்க்க அதுவே போதும். முதலாவதை அவிழ்க்கத் திருகோணமலை வாட்டு ரிக்கற் (வாட்டில் அனுமதித்த அட்டை) கைகொடுக்கும். அண்ணை அதை வைத்திருந்தார்! குடும்ப அட்டையோடு ஒரு சொப்பிங் பையில், முகாமில் மூன்று கூடாரம் மாறியும் விடாமல். மடிப்பு விழுந்த இடமெல்லாம் மை போய்விட்டது. வாட்டு இலக்கமும் அனுமதித்த திகதியும் மட்டும் தெளிவு. லாமினேற் பண்ண வேண்டாம், முதலில் இரண்டு போட்டோக்கொப்பி எடுங்கோ என்று நானே எழும்பிப் போய் எடுத்துக்கொடுத்தேன். இந்த மாதிரிக் கடதாசியை லாமினேற் மெசினுக்குள் விட்டுப் பழுதாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாவது, அன்றைக்கு அண்ணைக்கு அந்தப் பங்கீட்டு வேலையைக் கொடுத்த ஏ.ஜி.ஏ (உதவி அரசாங்க அதிபர்). ஓய்வு பெற்று வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார். அண்ணைக்குக் கேட்க வெட்கம். "பதினாறு வருசத்துக்குப் பிறகு அவரை ஏன் கரைச்சல்படுத்துவான்" என்றார். என் கணக்கில் எல்லாக் கடிதத்திலும் இதுதான் மேல். இன்ன திகதியில், இன்ன இடத்தில், என் பணிப்பின்பேரில் இவர் நிவாரணப் பங்கீட்டில் இருந்தார் என்று எழுத உரிமையும் அறிவும் உள்ள ஒரே ஆள் அவர்தான். எம்.பியைவிட இந்த விசயத்தில் அவருடைய கையெழுத்துக்குத்தான் கனம்.

இப்படி நான் அடித்துச் சொல்வதற்கு எனக்கும் ஒரு சூடு உண்டு. என் அம்மாவின் காயத்துக்கு நட்டஈடு கேட்டு ஒரு அலுவலகத்துக்கு எழுதியபோது நல்ல நல்ல ஆட்களிடம் நாலு கடிதம் வாங்கி வைத்தேன். எல்லாம் "யுத்தத்தினால் பெரிதும் பாதிக்கப்பட்டவர்" என்று இருந்தன. ஒன்றிலும் திகதி இல்லை. எட்டு மாதம் கழித்து முழுக் கட்டும் திரும்பி வந்தது, மேலே பென்சிலால் ஒரு கேள்விக்குறி. கடிதம் எழுதுவதே என் வேலை, நானே இப்படிச் செய்தேன்.

வசனத்தையும் ஒப்பிட வேண்டியிருந்தது. அண்ணையின் சத்தியக்கடதாசிக்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தோம். பழைய படிவங்களில் பழகிப்போன ஒரு வரி உண்டு, "பயங்கரவாத நடவடிக்கையின்போது" என்று. அதைப் போட்டால் பைல் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று எங்கள் கந்தோரிலேயே ஒருவர் சொன்னார். அண்ணை பேனையைக் கீழே வைத்துவிட்டார். நடந்தது அதுவல்ல என்று தெரிந்துகொண்டு சத்தியக்கடதாசியில் எப்படி எழுதுவது? அவருடைய மகன் எழுதித் தந்ததில் செல் எங்கிருந்து வந்தது, யார் அடித்தது எல்லாம் இருந்தது. சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய மேசை லீவு மேசை இல்லை. லீவுக் கோவையில் அந்த வரி ஏறினால் விசாரணை காலைப் பற்றி நடக்காது, வரியைப் பற்றி நடக்கும். மூன்றாவதாக நாங்கள் எழுதியது: "யுத்த சூழ்நிலையில், மேலதிகாரியின் பணிப்பின்பேரில் நிவாரணப் பங்கீட்டில் ஈடுபட்டிருந்தபோது, அருகில் வீழ்ந்த எறிகணையால் வலது காலில் காயமடைந்தேன்." ஒரு பொய்யும் இல்லை. கேட்கிற லீவுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. மகன் இதைக் கோழைத்தனம் என்றான். அவன் சொன்னது முழுக்கப் பிழை என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு சின்ன விசயம். ஒரே கடிதத்தை "உரியவருக்கு" என்று போட்டு எல்லா இடத்துக்கும் கொடுக்கிற பழக்கம் எங்களிடம் உண்டு. லீவுக்கு வைக்கிற கடிதம் டீ.எஸ்ஸுக்கு, பதவி பெயர் போட்டு, பொருள் போட்டு இருக்க வேண்டும். நட்டஈட்டு விசயம் வேறு தடம். அது 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இழப்பீட்டு அலுவலகத்தோடு. அண்ணை அதற்கு இன்னும் விண்ணப்பிக்கவேயில்லை. "சனத்துக்குப் போம் நிரப்பிக் குடுத்ததில எனக்கு நிரப்ப மறந்து போனன்" என்றார். அதைத் தனிக் கோவையாகப் பிறகு பார்க்கலாம், இப்போது இதோடு கலக்க வேண்டாம் என்று முடிவு.

ஏ.ஜி.ஏ ஐயாவுக்கு வட்ஸ்அப்பில் கதைத்தது அண்ணை இல்லை, நான்தான். பெயரைச் சொன்னதும், "எந்தக் கால்? வலதுதானே?" என்று கேட்டார். ஒரு கிழமைக்குள் கையால் எழுதி, ஸ்கான் பண்ணி அனுப்பி, மூலத்தைத் தபாலிலும் போட்டார். ஒரு பக்கம்தான். திகதி, இடம், பங்கீட்டு இலக்கம், தான் அப்போது வகித்த பதவி. கடைசியில், அன்று பதிவை முடிக்க முடியாமல் போன குடும்பங்களுக்கு அடுத்த நாள் தானே அரிசி கொடுத்ததாக ஒரு வரி. லீவுக்குத் தேவையில்லாத வரிதான். அண்ணை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "குடுத்தவரோ... எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது" என்றார்.

வெக்கேசன் 51 நாளும் அரைச் சம்பளம் 14 நாளும் டீ.எஸ் ஒப்பமிட்டாயிற்று. விபத்துக் காய விண்ணப்பம் எல்லா இணைப்போடும் கச்சேரிக்குப் போயிருக்கிறது. எம்.பியின் கடிதமும் உள்ளே இருக்கிறது, கடைசியாக. வாங்கி வந்துவிட்டாரே, எறியவா முடியும்? பக்கத்துப் பிரிவு ஜீ.எஸ் தம்பி பதில் கடமை. வெள்ளிக்கிழமை அண்ணை அவரிடம் இறப்பர் முத்திரையையும் திறப்பையும் ஒப்படைக்க வந்தார். மை பட்டையை ஒருமுறை அழுத்திப் பார்த்து, "காஞ்சு போச்சு, ரெண்டு சொட்டு விடு" என்றார். அதற்குள் வாசலில் ஒரு அம்மா வதிவிடச் சான்று கேட்டு நின்றா. தம்பி எழும்ப முதல் அண்ணை கதிரையை இழுத்து, காலை நீட்டி, எழுதத் தொடங்கிவிட்டார்.